மூத்த பயணிக்குத் துணை

எனக்கு அறுபது வயது முடிந்த வாரமே ஜுவைரியாவின் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பாம்பனில் கம்ப்யூட்டர் வைத்து ரயில் டிக்கெட்டும் மக்காவுக்குப் போகிறவர்களுக்கு உம்ரா டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிறவள் அவள். சுற்றுலாக் கப்பலில் அறுபது முடிந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று போன வருஷம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சொன்னவளை விடுவேனா? எப்போதடா கிழவியாவோம் என்று காத்துக் கிடந்தவள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் கப்பல் சென்னையில் ஏற்றிக்கொண்டு, தெற்கே இலங்கைப் பக்கமாக நடுக்கடலில் சுற்றிவிட்டு, எந்தக் கரையும் தொடாமல் திரும்பச் சென்னையிலேயே கொண்டுவந்து விடும். உள்ளே நீச்சல் குளமாம், ஆட்டம் பாட்டமாம். ஆடிவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது கடலில் ஓர் இடம்.

என் மகன் ரூபஸ் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நம் கரைக்கும் இலங்கைக்கும் நடுவில், விசைப்படகிலிருந்து விழுந்து போனான். வலை இழுக்கும்போது கால் இடறியது. அவனைப் பெற்ற அய்யாவும் அதே படகில்தான் இருந்தார். உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகப் போய், அவரவர் கல்லறையைக் கழுவி விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். எனக்கு உட்கார இடம் கிடையாது. நடுவில் நிற்கும் பொதுச் சிலுவையடியில் ஒரு வத்தியைக் கொளுத்திவிட்டு, யாராவது பார்த்துப் பாவப்படுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். பாவப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கனவிலும் இதே பாடுதான். கடல் முழங்காலுக்குக் கீழே வற்றிக் கிடக்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலடியில் பாசி மெத்தென்று அமுங்கும், சின்னச் சின்ன மீன்கள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வரும். எங்கிருந்தோ "அம்மா" என்பான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடுவேன், விழிப்பு வந்துவிடும். அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் கனவில் நேரே அங்கே நடந்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. கிறுக்கச்சி என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் தொழிலுக்குப் போகும் படகில் பொம்பளையை ஏற்ற மாட்டார்கள். கேட்டுப் பார்க்காத படகுக்காரர் இல்லை. எல்லோரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் சந்தனத்திடம் கேட்டால், "அங்கன என்ன இருக்கு, தண்ணிதான்" என்பார். மகன் பெயரையே அவர் அன்றிலிருந்து எடுத்ததில்லை. ஒன்பது வருஷமாக வாயைப் பூட்டிக்கொண்டு சாப்பிடுகிறார், தூங்குகிறார், கடலுக்குப் போகிறார். எனக்கு எத்தனை நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது என்று கணக்கே கிடையாது.

கப்பல் சலுகை என்பது சும்மா கிடைப்பதில்லை. ஜுவைரியா ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். மழைக்காலத்தில், வார நடுவில் கிளம்பும் பயணத்துக்கு மட்டும்தான். ஏறுகிற அன்றைக்கு அறுபது நிறைந்திருக்க வேண்டும், அசல் ஆதார் அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும், வேறு தள்ளுபடியோடு சேர்த்துக் கேட்கக் கூடாது. ஜன்னல் இல்லாத உள் அறைதான் கிடைக்கும். மூத்த பயணியோடு அதே அறையில் தங்கும் துணைக்கும் சலுகை உண்டு. இதைச் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேர் அட்டையையும் வாங்கிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"லீமாக்கா, அண்ணனுக்கு இன்னும் அம்பத்தேழுதான் ஆகுது. நீங்கதான் மூத்தவுக" என்றாள்.

அவருக்கு உண்மையில் அறுபத்து மூன்று. எங்கள் கடற்கரையில் ஆம்பளைக்கு வயது மெதுவாகத்தான் ஏறும். அறுபதைத் தாண்டினால் மீன்பிடி தடைக்காலத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் நின்றுபோகுமே என்று, மீனவர் அட்டை எடுத்தபோதே ஆளாளுக்கு ஐந்தாறு வயதைக் கழித்துச் சொல்லிவைத்தார்கள். என் வயது மட்டும் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய தேதியோடு ஒழுங்காக ஒத்துப்போனது. ஆக, அட்டைப்படி நான் மூத்த பயணி. அவர் எனக்குத் துணை.

தெருவுக்குத் தெரிந்ததும் கேட்கவா வேண்டும்? எதிர்வீட்டு பிரெசில்லா, வாலிபப் பையனைக் கட்டியிருக்கிறாயே, கைக்குள்ளேயே வைத்துக்கொள் என்றாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கப்பல் வேணாம் லீமா" என்றார். ஏன் என்று கேட்டேன், கிழிந்த வலையை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டிக்குத் துணையாகப் போக மீசை இடங்கொடுக்கவில்லை என்று நானே முடிவுகட்டி, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மகன் செத்த இடத்தைத் தாய்க்குக் காட்டாத மனுஷன் நீ என்றுகூடச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஒத்தையிலயே போறேன். எந்த எடம்னு தெரியாம கண்ட தண்ணியில எல்லாம் கும்புட்டுட்டு வாரேன்" என்றேன். மறுநாள் காலையில் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டிக்கெட் போடு என்றார்.

சென்னைத் துறைமுகத்தில் பையைச் சோதித்த பெண் என் அட்டையைப் பார்த்து வணக்கம் சொன்னாள். மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டாள், கப்பலில் நெருப்பு ஆகாதாம். பிறகு நடந்ததெல்லாம் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவுகள் தாமாக விலகின. கம்பளத்தில் காலடிச் சத்தமே கேட்கவில்லை. ஒரே மாதிரி கதவுகள் வரிசையாக நீண்டுகொண்டே போயின. எங்கோ பியானோ கேட்டது, நாங்கள் நடக்க நடக்க அது கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. கப்பல் எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது தொட்டில்போல மெல்ல ஒரு அசைவு. தண்ணீருக்கு மேல் இருக்கிறேன், அவன் இருக்கிற தண்ணீர், என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சாயங்காலம் அவர் காற்று வாங்க மேல்தளத்துக்குப் போயிருந்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் டிவியைப் போட்டுக் காட்டினாள். அதில் கப்பல் போகும் வழி நீலத்தில் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. இந்தப் பக்கம் நம் கரை, அந்தப் பக்கம் இலங்கை, இரண்டுக்கும் நடுவில் எங்கள் கடல். கோடு அதற்குள் நுழையவே இல்லை. எங்கேயோ கிழக்கில், வெகு தூரத்தில் வளைந்து திரும்பியது. இது எப்போது உள்ளே வரும் என்று கேட்டேன். அவள் தூத்துக்குடிக்காரி, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெரிய கப்பல் அங்க வராதும்மா. ஆழம் பத்தாதுல்லா. இது கடலுக்குப் போற எல்லாருக்கும் தெரியும்."

கடலுக்குப் போகிற எல்லோருக்கும். அவருக்கும். முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் அப்போது கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்த வேண்டும்போல இருந்தது. படகிலும் ஏற்ற மாட்டார்கள், கப்பலும் அங்கே போகாது என்றால் எனக்கு வேறு வழி ஏது? அதைத் தன் வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. நான் பேசிய பேச்சையெல்லாம் அதற்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் திரும்பி வந்தபோது நான் போர்த்திப் படுத்திருந்தேன். சாப்பிட எழுப்பினார். பசியில்லை என்றேன்.

விடியும் நேரத்தில் என் தோளைத் தொட்டார். "வா லீமா, எடம் வருது" என்றார்.

மேல்தளத்தில் யாரும் இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. காற்று வெதுவெதுப்பாக இருந்தது. கப்பல் நகர்கிறதா, தண்ணீர் நகர்கிறதா என்று தெரியவில்லை. அவர் என்னைப் பிடித்துக் கம்பியோரம் நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் பொய் சொன்னதே கிடையாது. வயதைக் குறைத்ததுகூட அவர் அய்யா செய்த வேலை.

"இங்கனதான்" என்று கை நீட்டினார்.

இந்தக் கப்பல் அங்கே போகாதே என்று எனக்கு நாக்குநுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏலே ரூபஸு" என்றார். "அம்மாவக் கூட்டியாந்துருக்கேன்லே."

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. சொல்லிவிட்டு, நம்பினேனா இல்லையா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திருடி மாட்டிக்கொண்டவரைப் போல நின்றார். நான் தண்ணீரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் கைமேல் என் கையை வைத்தேன்.

"ஆமாங்க, இங்கனதான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார்.