மச்சான் கேலியை நிறுத்தியபோது

காலை ஜெபத்தில் பாட்டை எடுத்துக் கொடுக்கும் முறை அன்று எரோனிக்கு வந்தது. எங்கள் தீவுகளின் தலைநகரான சுவாவில் தேசிய ரக்பி அணியின் முகாம். மலைமலையான ஆண்கள் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் முதல் அடியைத் தூக்கிவிட்டால் போதும், மற்றவர்கள் கட்டைக் குரலும் கீச்சுக் குரலுமாகச் சேர்ந்துகொள்வார்கள். பேச்சு வருவதற்கு முன்பே வாயில் வந்த பாட்டு அது. வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை.

கோச் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான், பிரான்ஸ்ல ரொட்டி தின்னு தின்னு தொண்டை அடைச்சுப்போச்சா? தள்ளு, ஆம்பளை பாடறேன்" என்று கத்திவிட்டு, கிதியோனே பாட்டைத் தூக்கினான். சிரிப்போடு சிரிப்பாக எல்லோரும் சேர்ந்து பாடிவிட்டார்கள்.

கிதியோனே எரோனியின் அத்தை மகன். அணியில் முன்வரிசையில் முட்டுகிறவன். எங்கள் ஊர்களில் மச்சான்மார் ஒருவரையொருவர் நாறடிப்பதுதான் முறை. இரண்டு மச்சான்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டால் யார் வீட்டில் சாவு என்று கேட்பார்கள்.

அதனால்தான் மதியச் சாப்பாட்டில் எரோனி திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான். கிதியோனே தேங்காய்ப்பாலில் வெந்த மீனை எடுத்து அவன் தட்டில் வைத்து, "போதுமா? இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டான். வழக்கமாக, "பன்னிக்கு எதுக்குடா மீனு?" என்று தட்டையே பிடுங்குகிறவன். யோசித்துப் பார்த்தால், ஆட்கள் நடுவில்தான் இவன் கேலி செய்கிறான். தனியாக இருக்கும்போது நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறான். எப்போதிருந்து? அதுதான் எரோனிக்கு நினைவில்லை.

போன மாதம் டோங்காவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒருவனுடைய முழங்கால் எரோனியின் நெற்றிப்பொட்டில் மோதியது. எழுந்து சிரித்தான், கட்டைவிரலைக் காட்டினான். மூளை கலங்கியிருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அதையெல்லாம் அவன் பல வருடங்களுக்கு முன்பே உருப்போட்டு வைத்திருந்தான். டிசம்பரிலிருந்து ஜனவரி வரை தண்ணீர்பட்ட பாடு. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தது.

கட்டிலில் படுத்துத் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தான். சின்ன வயதில் சிங்காதோக்கா ஆற்றங்கரையில் ஆடியது, இருந்தது. போலீஸ் அணி, இருந்தது. சமோவாவுக்கு எதிராக முதன்முதலில் தேசிய அணியின் வெள்ளைச் சட்டை போட்டது, அம்மா வானொலியில் கேட்டு மயக்கம் போட்டது, இருந்தது. பிரான்ஸ் கிளப் இருந்தது. முதல் உலகக் கோப்பையும் இருந்தது. இரண்டாவது உலகக் கோப்பையில் யாரிடம் தோற்றார்கள்? புரண்டு படுத்தான்.

மாலையில் மூன்றாவது உலகக் கோப்பைக்கான அணியை அறிவிக்கப் போகிறார்கள். தலை விஷயம் வெளியே வந்தால் இன்றோடு வீடு. அதற்குமேல் எந்தக் கிளப் எடுக்கும்? வராமலிருந்தால் ஆடலாம். ஆடினால் இன்னொரு அடி விழும். இப்படித்தான் மறைத்து மறைத்து ஆடினான் பழைய தோழன் ஒருவன். இன்று பெற்ற மகளைப் பார்த்து, "யாரம்மா நீ?" என்கிறான். இரண்டு பயமும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. ஆனால் ஆட்டம் போய்விட்டால் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதைச் சொல்ல எரோனிக்கே வெட்கம்.

கிதியோனேயைத் தேடிப் போனான். விடுதிக்குப் பின்னால், ஈரப்பலா மரத்தடியில், காலணிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான் அவன்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன்."

கிதியோனேயின் கை நின்றது.

மச்சான் ஒன்றைக் கேட்டுவிட்டால் எங்கள் ஊர்களில் மறுக்கக் கூடாது. சட்டையைக் கேட்டால் கழற்ற வேண்டும், படகைக் கேட்டால் அவிழ்த்துவிட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டேதான் எரோனி கேட்டான்.

"காலையில பாட்டு வரலைன்னு உனக்குப் புரிஞ்சுபோச்சு. கோச்கிட்டயோ டாக்டர்கிட்டயோ மூச்சு விடாதே. உலகக் கோப்பை முடியட்டும். உன் மாமன் மகனா கேக்குறேன்."

கிதியோனே தலையைக் குனிந்துகொண்டான். நூற்றிருபது கிலோ மனிதனுக்குத் தோள் குலுங்கியது.

"சரின்னு சொல்லுடா" என்றான் எரோனி.

"சொல்லிட்டேன், மச்சான்."

"எப்போ?"

"முந்தாநேத்து. சாப்பாட்டு அறைக்கு வழி தெரியாம நீ நின்னே, நான் கூட்டிட்டுப் போனேன். அப்பவே இந்த மரத்தடிக்கு இழுத்துட்டு வந்து கேட்டே. மாமன் மகனா கேக்குறேன்னு இதே பேச்சு. நேத்தும் கேட்டே." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு தரமும் சரின்னு சொன்னேன். நான் வாயைத் திறக்க முடியாதுடா. என்னைக் கட்டிப்போட்டுட்டு, கட்டுனதையும் மறந்துட்டே."

எரோனி மரத்தைப் பிடித்துக்கொண்டான். முந்தாநாளைத் தேடினான். நேற்றைத் தேடினான். அங்கே மரமும் இல்லை, மச்சானும் இல்லை. அவன் வாழ்க்கையில் இப்படிப் பயந்ததே இல்லை.

"எந்திரி" என்றான். "டாக்டர்கிட்ட போகணும். நீயும் வா."

"நான் எதுக்கு? நான்தான் பேச முடியாதே."

"எதுக்குப் போறோம்னு வழியில மறந்துட்டேன்னா, நீ அவர்கிட்ட சொல்லு. இப்ப கேக்குறேன், மச்சான். சொல்லிடு."