ராய்ஸ் இல்லாத பிரதி

ஒலிப்பதிவு மேசையில் டெல்மா ஒரு பொத்தானை அழுத்தி, பாட்டிலிருந்து ராய்ஸின் வாசிப்பை மட்டும் நிறுத்தினாள். பாட்டு ஓடியது. ராய்ஸ் போகவில்லை. ஷெல்பியின் குரலுக்குப் பின்னால், பக்கத்து அறையில் யாரோ விசும்புவதுபோல, காலால் மிதியை அழுத்தி வாசிக்கும் அவனுடைய ஸ்டீல் கிட்டார் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பிரதி வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது. கிராமத்து மணமுள்ள கன்ட்ரி பாட்டுகள் போடும் வானொலிக்கு ஒன்று. அதில் பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் இருக்கலாம். பாப் நிலையங்களுக்கு இன்னொன்று. அதில் இரண்டும் கூடாது. பாட்டுத் தொழிலே பிழைப்பான நாஷ்வில்லில் இது புதிதல்ல. எத்தனையோ பேருடைய வாசிப்பை அவள் இப்படி எடுத்திருக்கிறாள். கணவனுடையதை எடுப்பது இதுதான் முதல் தடவை. ஒன்பது நாளாக அவனிடம் சொல்லவில்லை. ஆறு வருஷம் வாசிக்க அழைப்பே இல்லாமல் இருந்தவன், இந்த ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்த அன்று, சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அதையே முனகிக்கொண்டிருந்தான்.

தவறு அவளுடையதுதான். பாடுகிறவளைக் கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தியிருக்க வேண்டும். "யாரையாவது பாத்துப் பாடினாத்தான் எனக்கு வரும்" என்றாள் ஷெல்பி. பழைய கன்ட்ரிக்காரர்கள் செய்வதுபோல ராய்ஸை எதிரே உட்காரவைத்தாள் டெல்மா. அவன் வாசித்ததும் ஷெல்பியின் மைக்கிலேயே போய் விழுந்துவிட்டது. இனி அவள் குரலை அழித்தால்தான் அவனை அழிக்க முடியும்.

மதியம் ராய்ஸ் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தபோது, பாட்டை நிறுத்தக் கை நீட்டினாள். அதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"என்ன, என்னைக் கிணத்துல தள்ளிட்டியா?"

"ராய்ஸ்..."

"பாப் ரேடியோவுக்கா?"

தலையசைத்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும்."

"ஒரு வாரமா எனக்குப் பிடிச்ச பன்றிக்கறியாப் பொரிச்சிப் போடறியே, அப்பவே நெனச்சேன்."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பையைக் கீழே வைக்காமலே, அந்த மெல்லிய இழையைக் கடைசிவரை கேட்டான்.

"நல்லாத்தானே வாசிச்சிருக்கேன்?"

"ரொம்ப நல்லா."

பையை மேசைமேல் வைத்தான். பிறகு, "அந்தப் பொண்ணக் கூப்பிடு. திரும்பப் பாடட்டும். தனியா விட்டா பயந்துரும். நான் கிட்டாரோட எதிர்ல உக்காந்துக்கறேன். கம்பியத் தொடமாட்டேன்" என்றான்.

மூன்று மணிக்கு ஷெல்பி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "சார், அன்னைக்கு நீங்க அழுததப் பாத்துத்தான் நான் அப்படிப் பாடினேன்."

"யாரு அழுதா? மத்தியானம் தின்ன வெங்காயம்மா அது. நீ பாடு."

அவள் பாடினாள். காதுக்கருவியில் மற்ற வாத்தியங்கள் ஓடின. மைக்கில் குரல் மட்டும் சுத்தமாக வந்தது. முந்தையதைவிட நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று டெல்மாவுக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ராய்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு ஷெல்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டாருக்குக் கீழே, காலுறை மட்டும் போட்டிருந்த அவன் இடது பாதம், மிதியை மெல்ல அழுத்தி, அவள் பாடிய வரியின் கடைசிச் சொல் தேயும்வரை பிடித்திருந்து, விட்டது.