அம்மா இளைப்பாறுகிறார்கள்

நவம்பர் 27, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். சபைகளுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் ‘மலைப் பள்ளிக்கூடம்’ என்று இருக்க வேண்டியது ‘மலை பள்ளிக்கூடம்’ என்று அச்சாகிவிட்டது. நூற்று நாற்பது பிரதிகளும் தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் பார்த்தேன். ஒரு ‘ப்’ தானே என்கிறார்கள் அம்மா. இருந்தாலும் தவறு தவறுதான். இனிமேல் அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று முறை படிக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதி, அடியில் அளவுகோல் வைத்து ஒரு கோடும் போட்டாள் புள்ளி. புள்ளி என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். எழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் சோறு இறங்காத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மலையில். அங்கே பேச்சும் வேறு, எழுத்தும் வேறு. தமிழ் அவளுக்கு வீட்டின் நாலு சுவருக்குள் காது வழியாக வந்தது; கை வழியாக வரவில்லை. பத்தொன்பது வயதில் கீழே இறங்கி வந்ததும் முதல் வேலையாக நூலக மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். தினம் நாட்குறிப்பு எழுதினால் பிழை குறையும் என்று அங்கே சொன்னார்கள். எழுதினாள். பிழை குறைந்ததோ இல்லையோ, பயம் கூடியது.

அப்பா ஊழியக்காரர்; மலையில் மிஷன் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மலையை விட்டு இறங்கி வந்து, சபை சபையாகப் போய் ஆதரவு திரட்ட வேண்டும். இந்தத் தடவை அது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளாக அமைந்தது. நாலு ஞாயிறு, நாலு சபை. மிஷன் காரியதரிசி வெளிநாடு கிளம்புமுன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “கிறிஸ்துமஸுக்குள்ள மாதாமாதம் தாங்குறவங்க போதுமான அளவுக்குச் சேரலைன்னா, பள்ளிக்கூடத்தை மூடிட்டு நீங்க கீழயே இருந்துடுங்க.” அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அதை விட்டால் அந்த மலையில் அவர்களுக்கு வேறு பலகையும் இல்லை, சுண்ணக்கட்டியும் இல்லை.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கட்டிக்கொண்டது. பதினெட்டு நாள் மருத்துவமனை. இப்போது மிஷன் விடுதியின் உள்ளறையில் கட்டிலோடு கிடந்தாள். உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு; இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே கேட்கும்.

புள்ளி தன் சிறு தவறைக் கண்டுபிடித்தாளே தவிர, பெரிய தவறு அதற்கு அடுத்த பத்தியில் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தது.

“எந்த வரியா இருந்தாலும் கர்த்தரை விட்டுடாதே” என்று அப்பா சொல்லியிருந்தார். அவளும் விடவில்லை. கர்த்தருக்குள் அன்பானவர்களே என்று தொடங்கி, பேருந்து கர்த்தருடைய கிருபையால் வந்து சேர்ந்தது வரைக்கும் எழுதினாள். அம்மாவிடம் போய், “உன்னைப் பத்தி என்னம்மா எழுத?” என்று கேட்டபோது, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே, “இளைப்பாறிட்டு இருக்காங்கன்னு எழுது” என்றாள். புள்ளி எழுதினாள்: ‘பதினெட்டு நாள் மிகுந்த பாடுகளை அனுபவித்த அம்மா, இப்போது கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்கள்.’ அப்பாவிடம் நீட்டியபோது அவர் பிரசங்கக் குறிப்பிலிருந்து தலை தூக்கவில்லை. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

முதல் ஞாயிறு சின்னச் சபை; கடிதம் இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அப்பா ஒரு மணி நேரம் மலையைப் பற்றிப் பேசினார். பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஏழே ஏழு உறுதி அட்டை வந்தது. ‘மாதாமாதம் இவ்வளவு தருவேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அட்டை அது.

டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை வகுப்பில் மங்கல வழக்கு என்று ஒரு பாடம். சாவு என்ற சொல்லை வாயால் சொல்லக் கூசி, நல்ல சொல்லைப் போட்டு மூடுவது. ஆளுக்கொரு உதாரணம் சொல்ல வேண்டும். இயற்கை எய்தினார் என்றார் ஒருவர். காலமானார் என்றார் இன்னொருவர். பக்கத்து பெஞ்சிலிருந்த தாதி, “எங்க சபையில கர்த்தருக்குள் இளைப்பாறினார்னு போடுவாங்க” என்றாள்.

புள்ளியின் பேனா நின்றது.

வீடு வரும் வழியெல்லாம் அவள் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைய குறிப்பு: ‘இளைப்பாறினார், இறந்தகாலம். நான் எழுதியது இளைப்பாறுகிறார்கள், நிகழ்காலம். ஆகவே பரவாயில்லை என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்லலாமா? பிரசங்கம் தயார் செய்கிறார். நாளை சொல்லலாம்.’ நாளையும் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு பெரிய சபை. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளில் இரண்டாவதை ஏற்றிய கையோடு போதகர் சபையைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் எழுந்து நிப்போம். துணைவியாரைப் பறிகொடுத்த ஈரம் காயறதுக்குள்ள நம்ம ஊழியக்கார ஐயா நம்ம முன்னால வந்து நிக்கிறார்.”

அப்பா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார், அந்த ஐயா யாரோ என்று.

போதகர் கடிதத்தை எடுத்து நாலாம் பத்தியை வாசித்தார். நிகழ்காலத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார். தொண்டை வரைக்கும் வந்ததை அப்பா மென்று விழுங்கியதை மூன்றாம் வரிசையிலிருந்து புள்ளி பார்த்தாள்.  அன்று உறுதி அட்டைகள் நிரம்பிப் பெட்டியின் மூடி மூடவில்லை.

பேருந்தில், “அப்பா, நான்தான்...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும்.”

“இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா?”

அப்பா சன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டுக்கலாம்.”

அம்மா கேட்டதும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகு மறுபடியும் சிரித்தாள். “செத்தும் கொடுத்தான்னு ஒரு வள்ளலைச் சொல்லுவாங்களே, அந்த வரிசையில என்னையும் சேத்துக்கங்க.”

“சிரிக்கிற விஷயமா இது?” என்றார் அப்பா.

“அழுதா உயிர் வந்துடுமா?” என்றாள் அம்மா. அப்புறம் பெட்டியிலிருந்த அட்டைகளைக் கையால் ஒருதரம் அளைந்தாள். அவள் முகம் மாறியது. “இன்னும் ரெண்டு ஞாயிறுதானே. நான் பாட்டுக்கு இங்க கிடக்கிறேன். எல்லாம் முடிஞ்சப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்.”

“அது பொய்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமே. சும்மா இருக்கிறது பொய்யா?”

அப்பா பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு முடிவு எடுத்தது அந்த மௌனம்தான். ‘சும்மா இருப்பது பொய்யா? தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே கோடு போடாமல் மூடினாள் புள்ளி.

சும்மா இருப்பதற்கும் எவ்வளவோ வேலை இருந்தது. அம்மாவின் செருப்பு வாசலிலிருந்து கட்டிலுக்கடியில் போயிற்று. அவள் துணிகள் கொடிக்கு வராமல் உள்ளறையிலேயே காய்ந்தன. அந்த ஈரம் அவள் நெஞ்சுக்கு ஆகாது. சன்னல் சாத்தியே கிடந்தது. மாலையில் பத்து நிமிஷம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், நடை நின்றது. பதினெட்டாம் தேதி மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே சீட்டு எழுதுகிறவர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை போன சபையின் பாடகர். போகவில்லை. திங்கள்தோறும் அனுதாபக் கடிதங்கள் வந்தன. அம்மா அவற்றைப் படிக்கக் கேட்பாள். “இவளா? உயிரோட இருந்தப்போ ஒரு வார்த்தை எழுதினதில்ல” என்பாள். நாள் போகப் போக அந்தக் கிண்டலும் நின்றது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

நாலாவது சபை, தெருக்கோடியில் இருக்கும் ஆலயம். சனிக்கிழமை மதியம் அதன் பொருளாளர் மனைவியோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததால் புள்ளிக்கு உள்ளறைக் கதவைச் சாத்தத்தான் நேரமிருந்தது.

பொருளாளர் மனைவி புள்ளியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “தாயில்லாப் பிள்ளை ஆயிட்டியே கண்ணு.” அவள் கண்ணீர் மெய்யான கண்ணீர், புள்ளியின் காலரை நனைத்தது. புள்ளி விறைத்துப்போய் நின்றாள். “பாருங்க, அழக்கூடத் தெம்பில்லாம நிக்குது” என்றாள் அந்த அம்மாள் கணவனிடம்.

பிறகு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். “கடைசியா என்ன சொன்னாங்கய்யா?”

இதுவரைக்கும் அப்பா சும்மா இருந்தார். இரண்டு ஞாயிறும் தலையைக் குனிந்தே சமாளித்துவிட்டார். இந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்து பதில் சொல்ல முடியாது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். “பிள்ளைங்களை விட்டுடாதீங்கன்னு சொன்னா. மலைப் பிள்ளைங்களை. அதுக்கப்புறம் பேசலை.”

“அம்மாடி” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் அவள்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் கிளம்பியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் அறுந்துபோயிற்று, யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல.

“யாரு அது?” என்றார் பொருளாளர்.

“பக்கத்து அறையில ஒருத்தர்” என்றார் அப்பா. இந்தத் தடவை சட்டென்று வந்தது. “உடம்பு சரியில்லை.”

அவர்கள் இன்னும் கால் மணி நேரம் இருந்தார்கள். ஜெபித்தார்கள். பக்கத்து அறைக்காரருக்காகவும் பொருளாளர் இரண்டு வாக்கியம் ஜெபித்தார். அந்தக் கால் மணி நேரமும் உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

வாசல் கதவு சாத்தியதும் புள்ளி உள்ளறைக்கு ஓடினாள். அம்மா கட்டில் ஓரத்தில் குறுகி உட்கார்ந்திருந்தாள். தலையணையை இரண்டு கையாலும் வாயோடு அழுத்திப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. புள்ளி கையைப் பிரித்தெடுத்தபோது தலையணை உறையில் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது. அம்மா இருமினாள், இருமினாள், மூச்சு திரும்ப வெகு நேரமாயிற்று.

“போயிட்டாங்களா?”

“ம்.”

“நான் கடைசியாச் சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு.” மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினாள். “நெசமாப் போகும்போது இவ்வளவு அழகா வாயில வருமோ என்னவோ.”

புள்ளி சிரிக்கவில்லை. சன்னல் கொக்கியை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். வெளிச்சம் கட்டில் மேல் விழுந்தது.

“அம்மா, நாளைக்கு நீ கோயிலுக்கு வா.”

அம்மா தலையணையின் பல் தடத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “அறுபத்திரண்டு பிள்ளைங்க, புள்ளி.”

“தெரியும்.”

“அட்டையை எல்லாம் திருப்பிக் கேப்பாங்க. அப்பாவை ஏமாத்துக்காரன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாங்க.”

“தப்பு என்னோடதுன்னு நான் எழுந்து சொல்றேன்.”

“ஒரு தப்புதான்டி உன்னோடது. மிச்சமெல்லாம் எங்களோடது.”

அப்பா கதவு நிலையில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. “நான் வேண்டாம்னு சொன்னா?” என்று கேட்டார்.

“அப்பவும் சொல்லிடுவேன்பா.”  வார்த்தை பிசகவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் உள்ளே வந்து, முழங்காலை மடக்கி, கட்டிலுக்கடியில் கையை நீட்டினார். ஜெபம் பண்ணப் போகிறார் என்று நினைத்தாள். அதுவும் இல்லை. அம்மாவின் செருப்பை எடுத்துத் தூசியைச் சட்டை நுனியால் துடைத்து, வாசலில் கொண்டுபோய் வைத்தார். பிறகு முன்னறையில் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். நாளைக்கான பிரசங்கத் தாள்கள் மேசையில் இருந்தன. அவற்றை அவர் தொடவில்லை.

வெகு நேரம் கழித்து அம்மா சொன்னாள்: “கோயில் முன்வாசல்ல பதினோரு படி. நான் எண்ணியிருக்கேன். என்னால ஏற முடியாது.”

டிசம்பர் 20, சனி. இன்று வகுப்புக்குப் போகவில்லை. மறு கடிதம் எழுதினேன். எட்டு முறை எழுதிக் கிழித்தேன். ஒன்பதாவது இதுதான்: ‘எங்கள் அம்மா உயிரோடு இருக்கிறார்கள். நோயாக இருக்கிறார்கள். முந்தின கடிதத்தில் தவறாக எழுதியது நான். தவறு தெரிந்த பிறகும் நாங்கள் சொல்லாமல் இருந்தோம்.’ கர்த்தர் என்ற சொல் இதில் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். மூன்று முறை படித்தார். எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. மலைக்குத் திரும்பிப் போவோமா என்று நான் கேட்கவில்லை.

நாளை: ஏழு மணிக்கு ஆலயப் பணியாளரிடம் பக்கவாசல் சாவி வாங்க வேண்டும். அங்கே படி இல்லை. முன்வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட வேண்டும்.