தங்கை வீட்டுக் காய்ச்சல்

பனிச்சறுக்கு என்ற பேச்சை அந்த வீட்டில் ஆரம்பித்து வைத்தது சிட்டுதான். பள்ளிக்கூடத்தை மூடி எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்துப் போட்டிருந்த காலத்தில், கணினியில் அவள் பாடம் கேட்டதைவிட, பனிமலையில் சர்ரென்று வழுக்கி இறங்குகிறவர்களை வாய் பிளந்து பார்த்ததுதான் அதிகம். பார்த்ததோடு நிற்காமல், துணிக்கூடையில் உட்கார்ந்து மாடிப்படியில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "இந்தக் கூத்தெல்லாம் முடியட்டும், உன்னை நிஜப் பனிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று அவளுடைய அப்பா சொல்லித் தொலைத்தார். பிள்ளைகளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீள முடியுமா? அன்றிலிருந்து அவள் அவருடைய தலையைத் தின்றாள்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். அம்மா ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். பிறந்த வீட்டில் அவள் பெரியவள், அவளுடைய தங்கை சின்னவள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. பெரியவள் எதிலும் கறார். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று செய்கிற வேலை. நோய் வந்த பிறகு அந்தக் கறார் இன்னும் இறுகிவிட்டது. வாடிக்கையாளர் போட்டுப் பார்த்துக் கழற்றிய ஃபிரேமைக் கையோடு வாங்கி ஸ்பிரே அடித்துத் துடைப்பாள். மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு வருகிறவர்களை, "சார், மூக்கும் முகத்துலதான் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் வழிக்குக் கொண்டுவருவாள். கடைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'இன்ஸ்பெக்டர்' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அந்த வருஷம் எல்லைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. காலையில் பச்சையாக இருந்த நாடு சாயங்காலம் சிவப்பாகிவிடும். அப்பா அலுவலகம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எந்த நாட்டுக்கு எந்த விதி என்று பார்க்க உட்கார்ந்துவிடுவார். எப்படியோ மலையடிவாரத்தில் ஒரு சின்ன விடுதி அகப்பட்டது. காலையில் கற்றுக்கொடுக்க ஆள், மத்தியானம் உங்கள் பாடு. மூவருக்கும் கதகதப்பான உள்ளாடைகள் வந்தன. தொடையில் பலம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் மூவரும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில்லாமல் நாற்காலி போல உட்கார்ந்தார்கள். முதலில் சரிகிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். எல்லா நாளும் அப்பாதான் கழுவினார்.

எல்லாம் கூடி வந்த சமயத்தில் அந்த நாட்டுக்காரர்கள் ஒரு புது விதி போட்டார்கள். பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால், நோய் வந்து குணமானதற்குச் சான்றிதழ் வேண்டும். சிட்டுவுக்கு வயது பதின்மூன்று. இங்கே பிள்ளைகளுக்கு ஒரே ஊசிதான் போட்டிருந்தார்கள். இரண்டாவதற்குத் தலைகீழாக நின்றும் வழியில்லை.

சிட்டு அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. மடித்து வைத்திருந்த புது உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"ஊரெல்லாம் வருது, நம்ம வீட்டுக்கு மட்டும் வர மாட்டேங்குது பாரு" என்றார் அப்பா. விளையாட்டாகத்தான் சொன்னார். பெரியவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

சரியாக அந்த வாரம் சின்னவளிடமிருந்து போன் வந்தது.

சின்னவள் மழலையர் பள்ளி ஆசிரியை. கணவன் கப்பலில் எஞ்சினியர். துறைமுகத்தில் இறங்க விடாமல் கடலிலேயே மாதக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டில் அவளும் நாலு வயசு இரட்டைப் பையன்களும்தான். மூவருக்கும் நோய். "எனக்குத்தான்க்கா ரொம்ப அடிக்குது, எழுந்து நிக்க முடியலை. பசங்க குரங்கு மாதிரி குதிச்சிட்டிருக்காங்க" என்று இருமலுக்கு நடுவே சொன்னாள். "பக்கத்து வீட்ல வாசல்ல சாப்பாடு வச்சிட்டுப் போறாங்க. கதவைத் திறக்கிறதுக்குள்ள ஓடிடறாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. அம்மா வர்றேன்னு நிக்கிறாங்க, அவங்க மூச்சு இருக்கிற லட்சணத்துக்கு நான்தான் வேணாம்னுட்டேன்."

"நான் வர்றேன்" என்றாள் பெரியவள்.

"பைத்தியமா உனக்கு? வேணாம்க்கா."

"சிட்டுவையும் கூட்டிட்டு வர்றேன். பசங்களைப் பாத்துக்குவா."

போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவள் கடைக்கு லீவு சொன்னாள். வாடிக்கையாளர்களுக்கு ஒட்டவைத்துவிடக் கூடாது என்கிற அளவுக்கு அவளிடம் நாணயம் மிச்சமிருந்தது.

காரில் போகும்போது சிட்டுவிடம் விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. "அங்க போனதும் மாஸ்க் வேணாம். பசங்களோட நல்லா விளையாடு. உனக்கும் வந்தா வரட்டும், சின்னப் புள்ளைங்களுக்கு லேசாத்தான் வருது. வந்து போயிட்டா உனக்குப் பேப்பர் கிடைச்சிடும்."

சிட்டு ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "சித்திக்குத் தெரியுமா?"

"அவளே காய்ச்சல்ல கிடக்கா. அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?"

சின்னவள் கதவைத் திறந்தபோது இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, "அங்கேயே நில்லு, கிட்ட வராத" என்றாள். பெரியவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தன் மாஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள்.

"அக்கா! போடுக்கா அதை!"

"உன்னைப் பாக்க எனக்கு எதுக்குடி மாஸ்க்?"

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை நாளாக யாரும் தொடாத உடம்பு. பெரியவள் அவளை அணைத்துத் தூக்கிப் படுக்கையில் விட்டாள். தோளில் தங்கையின் தலை அடுப்பு மாதிரி சுட்டது. அணைத்த கை பொய்யில்லை, அதுதான் கொடுமை.

சாயங்காலம் வரை வேலை செய்தாள். குவிந்து கிடந்த பாத்திரம், நாறிப்போன துணி, ஒட்டிக்கொண்ட தரை. பையன்களைப் பிடித்துக் குளிப்பாட்டினாள். சூப் வைத்துத் தங்கைக்கு ஸ்பூனால் கொடுத்தாள். நடு அறையில் சிட்டு பையன்களைத் தலையணைமேல் உட்காரவைத்துக் காலைப் பிடித்து இழுத்து, "இப்படித்தான்டா பனியில போவாங்க" என்று விளையாட்டுக் காட்டினாள். மூவரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பெரியவள் பார்த்தாள். பார்த்தும் தடுக்கவில்லை.

கிளம்பும்போது சின்னவள் படுக்கையிலிருந்தே கும்பிட்டாள். "இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா."

ராத்திரிக்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. அம்மா மூலமாக மாமா, அத்தை, ஒன்றுவிட்ட அக்காமார் எல்லாருக்கும். "கூடப் பிறந்தவள்னா இப்படி இருக்கணும்" என்று பெரியவளின் போனில் வாழ்த்து வந்து குவிந்தது. ஒவ்வொன்றுக்கும் கைகூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

நாலாம் நாள் சிட்டுவுக்குத் தொண்டை கரகரத்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கோடு. அப்பா தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டு, தட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். பெரியவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நோய் அவளைத் தொடாமலே போய்விட்டது.

லேசாக வரும் என்றுதானே கணக்கு? இரண்டு ராத்திரி சிட்டுவுக்குக் கொளுத்தியது. ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள், வாழ்க்கையில் அதுவரை வேண்டிக்கொள்ளாத சாமியையெல்லாம் வேண்டினாள். என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றும் தோன்றியது. நல்லவேளை, மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் சிட்டுவுக்கு வாசனை போய்விட்டது. சோப்பை மூக்கில் வைத்துத் தேய்த்து, "ஒண்ணுமே தெரியலைம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் சின்னவள் வீடியோவில் கூப்பிட்டாள். கொஞ்சம் தேறியிருந்தாள். சிட்டுவைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள்.

"என்னாலதானே கண்ணு உனக்கு வந்துச்சு. நான் வேணாம்னு இன்னும் கெட்டியா சொல்லியிருக்கணும். படுத்தா தூக்கம் வரலைக்கா. அத்தான் முகத்துல எப்படி முழிப்பேன்? நீ எனக்காக வந்தே, நான் உன் புள்ளைக்கு நோயைக் கொடுத்து அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சிடுக்கா."

காலில் விழாத குறை. பெரியவள் வாயைத் திறந்தாள். "பரவாயில்லைடி, விடு" என்றாள். மன்னிக்கிறவளின் குரலிலேயே சொன்னாள். தங்கை மேலும் அழுதாள். அப்போது, போர்வைக்குள்ளிருந்து சிட்டு எட்டிப் பார்த்தாள். சித்தி மேல் உயிர் அவளுக்கு.

"அழாதீங்க சித்தி. உங்க மேல தப்பே இல்லை. எனக்கு வரணும்னுதானே வந்தோம். பேப்பருக்காக. பனிச்சறுக்குக்குப் போறோம்ல?"

சமாதானமாகத்தான் சொன்னாள் குழந்தை. சின்னவளின் அழுகை பாதியில் நின்றது. கன்னத்தைத் துடைத்த கை கன்னத்திலேயே இருந்தது.

"அக்கா?"

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். குழந்தை காய்ச்சலில் உளறுகிறது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அதுக்குத்தான் மாஸ்க்கைக் கழட்டினியா?" என்று கேட்டாள் சின்னவள். சத்தமே போடவில்லை. பிறகு திரை அணைந்துவிட்டது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனை எடுக்கவில்லை. சிட்டுவுக்காக வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்கள் முடிந்ததும் பெரியவள் நேரே போய் நின்றாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தது.

"வாங்க" என்றாள் சின்னவள்.

கூடப் பிறந்து, ஒரே பாயில் உருண்டு, தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்ட காலத்திலிருந்து 'நீ'தான், 'வா'தான். இந்த 'ங்க' எங்கே இருந்தது இத்தனை நாள்? கோத்து வைத்ததெல்லாம் அறுந்து கொட்டிவிட்டது. சின்னவள் உட்காரச் சொன்னாள்; இவள் உட்கார்ந்தாள். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள், இவள் குடித்தாள். "சிட்டு எப்படி இருக்கா? நீங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று முறையாக விசாரித்தாள். திட்டியிருந்தால் காலைப் பிடித்திருக்கலாம். வந்த விருந்தாளி மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பெரியவள் எழுந்து வந்தாள்.

"நாம போக வேணாம்" என்று அன்றைக்குக் கணவனிடம் சொன்னாள்.

"போகலைன்னா மட்டும் நடந்தது இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் அவர். பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் பெட்டியை அடுக்கினார். சிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எதைப் போட்டு உடைத்தோம் என்று அவளுக்கு ஒருமாதிரி தெரிந்திருந்தது. ஆனாலும் பதின்மூன்று வயசுதானே, பனி என்றதும் கண் மின்னத்தான் செய்தது.

போனார்கள். எல்லையில் சான்றிதழை ஒருத்தன் இரண்டு நொடி பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பினான். அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. சரிவில் முதல் நாள் மூவரும் விழுந்து வாரினார்கள். இரண்டாம் நாள் சிட்டு தனியாக இறங்கினாள். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, மூக்குச் சிவக்கக் கத்திக்கொண்டே வந்தாள். பெரியவளும் கைதட்டினாள். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிறகு நாள் முழுக்கக் கூசினாள்.

அன்று மத்தியானம் விடுதி அறையில் அவள் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. அம்மா சின்னவள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமாவும் அத்தையும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பனியைக் காட்டுடி!" ஜன்னல் வழியாகக் காட்டினாள். எல்லாரும் ஆகா என்றார்கள். "நல்லா அனுபவிக்கட்டும், தகும் அவளுக்கு" என்றாள் அம்மா. "அத்தைக்குச் சொல்லுடி சின்னவளே, அக்கா அன்னிக்கு எப்படி வந்தான்னு."

பெரியவள் கையில் ஈரக் காலுறையோடு நின்றாள். உண்மை வெளியே வரட்டும், இப்போதாவது வரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

சின்னவள் திரையின் ஓரத்தில் வந்தாள். "நான் எழுந்திருக்க முடியாம கிடந்தேன் அத்தை. யாருமே கிட்ட வரலை. அக்காதான் வந்தாங்க" என்றாள். "மாஸ்க் கூட இல்லாம உள்ள வந்து என்னைத் தூக்கிப் படுக்க வச்சாங்க." அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாமா, "ரத்த பாசம்னா சும்மாவா" என்றார்.

கொஞ்சம் கழித்துச் சின்னவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.

"ஏன்டி சொல்லலை?" என்றாள் பெரியவள்.

"என்ன சொல்லணும்? சூப் கொடுத்தீங்க, பசங்களைக் குளிப்பாட்டுனீங்க. நடந்ததுதானே."

"என்னை நாலு வார்த்தை திட்டவாவது செய்யேன்."

"திட்டினா உங்களுக்கு நிம்மதியாயிடும்." சின்னவள் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா ஊர் பூராச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படறாங்க. அவங்களுக்கு ரெண்டு பொண்ணும் நல்லவளாவே இருந்துட்டுப் போகட்டும். சிட்டுவுக்கு வாசனை திரும்பிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"வந்ததும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பெரியவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலுறையிலிருந்து சொட்டிய தண்ணீர் மடியில் பரவியது. கொஞ்ச நேரத்தில் கணவர் பூட்ஸோடு உள்ளே தலையை நீட்டி, "யாரு, அம்மாவா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"என்னைப் பத்திப் பெருமையாப் பேசிட்டிருந்தாங்க" என்றாள். அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.