சிஸ்டர் அபாத்தின் தகாலோக்

பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக் மொழியில் உப்புக் கேட்பதற்கு முன்பே பாவமன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவில் ப்ரோவோ நகரத்தில் எங்கள் சபையின் மிஷனரிப் பயிற்சி நிலையத்தில் எங்களுக்குப் பாடம் அந்த வரிசையில்தான் வந்தது. முதலில் ஜெபம், பிறகு சாட்சி சொல்வது, அப்புறம் மனந்திரும்புதல், ஞானஸ்நானம், நித்திய ஜீவன். கரண்டி, சோப்பு, வயிற்றுவலி எல்லாம் மெதுவாக வரட்டும் என்று பாடத்திட்டம் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும். அங்கே அவசரமாகத் தேவைப்பட்டது வயிற்றுவலி என்ற வார்த்தைதான். உணவுக்கூடத்தில் இயந்திரத்திலிருந்து கொட்டும் ஆரஞ்சுச் சாறு வயிற்றைக் கலக்கும் என்பது ஊரறிந்த விஷயம். தெரிந்தேதான் எல்லோரும் குடித்தோம்.

இன்று ஐடஹோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிள்ளைகள் இறங்கிய பிறகு காலி வண்டியில் சில நாள் எனக்கு நானே தகாலோகில் பேசிக்கொள்வேன். ஏகப்பட்ட பிழை, திருத்தத்தான் ஆளில்லை. அப்போது அந்தச் செங்கல் கட்டடங்களும் அங்கே என்னோடு இருந்த சிஸ்டர் அபாத்தும் நினைவுக்கு வரும். அந்தச் சில வாரங்களில் சிரித்த மாதிரி பிறகு நான் சிரித்ததில்லை. அழுததும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே யாருக்கும் முதல் பெயர் கிடையாது. பெண்கள் எல்லோரும் சிஸ்டர், நான் சிஸ்டர் லிண்ட். மீசை சரியாக முளைக்காத பையன்களுக்கு எல்டர், அதாவது மூப்பர், என்று பட்டம். எங்கள் வகுப்பு மூப்பர் டக்கெட் தலையணைச் சண்டையில் அறை விளக்கை உடைத்தவன். ஊழியத்துக்கு வந்தவர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், ஜோடி பார்வையை விட்டுப் போகக் கூடாது. என் ஜோடி அபாத். நான் துணி துவைக்கப் போனால் அவளும் வர வேண்டும். அவள் பல் டாக்டரிடம் போனால் நானும் போக வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுதான் சட்டம். எனக்குச் சீக்கிரமே பிடித்துப்போனது.

அபாத் கலிஃபோர்னியாவில் வலேஹோ ஊர்க்காரி. கப்பற்படையில் சமையல்காரராக இருந்த அப்பா இறந்துவிட்டார். அம்மா பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ் பக்கத்திலிருந்து வந்தவர், பூசை தவறாத கத்தோலிக்கர். மகள் எங்கள் சபையில் சேர்ந்ததே அவருக்கு இடி. அவள் ஊழியத்துக்கும் கிளம்பியபோது, "போறதுன்னா போ. எனக்கு எழுதாதே, நான் படிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். அபாத் எழுதினாள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைத்துவிட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதும் நாள் எங்களுக்கு, ஒரு வாரமும் அவள் விடவில்லை. பதிலாக ஒரு வரி வந்ததில்லை. வீட்டுக்கு ஃபோன் பேச அனுமதி கிடையாது. ஊழியத்துக்காக எங்களை அனுப்பவிருந்த மணிலாவுக்குப் புறப்படும் அன்று மட்டும் விமான நிலையத்திலிருந்து ஒரு தடவை பேசலாம்.

"அம்மா எடுத்தா என்ன சொல்லப்போறே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எடுப்பாங்க. என் குரலைக் கேட்டதும் வெச்சுருவாங்க," என்றாள். "எங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாது, லிண்ட்."

அந்த ஒரு ஃபோனைத்தான் அவள் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது உதடு அசையும். ஜெபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அம்மாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தகாலோக் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. ஐடஹோவின் உருளைக்கிழங்குக் காட்டில் பிறந்த எனக்கே தட்டுத் தடுமாறி வந்தது. அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். ஆனால் முகம் பிலிப்பினோ முகம் ஆயிற்றே, யார் நம்புவார்கள்?

"உங்களுக்கென்ன சிஸ்டர், ரத்தத்துலயே ஓடும்," என்பான் டக்கெட்.

"ரத்தத்துல ஓடுறது வாய்க்கு ஏறி வரலையே எல்டர். ஊசி போட்டு எடுத்துக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அறைக்கு வந்த பிறகு வேறு மாதிரி இருப்பாள். "எங்கம்மா எங்கிட்ட இங்கிலீஷ்தான். தகாலோக் அவங்க அக்காங்ககூட ஃபோன்ல பேசுறதுக்கு. என்னைப் பத்திக் குறை சொல்லணும்னா அதுலதான் சொல்லுவாங்க. எனக்குப் புரியக் கூடாதுன்னே கத்துக்கொடுக்காம வெச்சிருந்தாங்க," என்றாள் ஒரு முறை. அவள் அதை எவ்வளவு உறுதியாக நம்பினாள் என்பதுதான் என்னைச் சுட்டது.

ஆங்கிலமே பேசக் கூடாத நாட்கள் என்று சில உண்டு. அன்றைக்கு உணவுக்கூடத்தில் எங்கள் மேசை மயானம் மாதிரி இருக்கும். ஒரு மதியம் டக்கெட்டுக்கு உப்பு வேண்டியிருந்தது. வார்த்தை தெரியாது, சைகையை யாரும் கவனிக்கவில்லை. தலை குனிந்து, கைகட்டி, கண் மூடி, கணீரென்ற தகாலோகில் ஆரம்பித்தான்: "எங்கள் பரலோகப் பிதாவே, அந்த வெள்ளையானதை எங்களுக்குத் தந்தருளும்." நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்லி உப்பைத் தள்ளினோம். அபாத் சிரித்த சிரிப்பில் ஆரஞ்சுச் சாறு மூக்கு வழியாக வந்துவிட்டது.

எங்களுக்கு நன்றாக வந்த இன்னொன்று வாசல் வசனம். முன்பின் தெரியாத வீட்டுக் கதவு திறந்ததும் சொல்ல வேண்டியது: வணக்கம், நாங்கள் மிஷனரிகள், கொஞ்ச நேரம் உங்களோடு பேசலாமா, என் பெயர் இன்னது. தூக்கத்தில் தட்டினாலும் வரும்படி அதைப் போட்டுப் போட்டுப் பழக்கினார்கள். பலன், எந்தக் கதவு திறந்தாலும் வாய் தானாகப் பாடத் தொடங்கியது. டக்கெட் கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரு பெரியவரிடம் பாதி வரைக்கும் சொல்லிவிட்டான்.

அபாத்துக்கு அதுவும் உளறல்தான். எங்கள் ஆசிரியை சிஸ்டர் மகராயெக், எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவளும் பத்தாங்காஸ்காரி, ப்ரோவோவில் கல்லூரியில் படித்துக்கொண்டே எங்களுக்கு வகுப்பெடுத்தாள். பிற்பகலில் ஒரு காலி அறைக்குள் போய் உட்கார்ந்து, துறைமுகத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஆலிங் டெசிங் என்ற அம்மாளாக மாறிவிடுவாள். நாங்கள் வெளியே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். பேய் பிசாசு இல்லை, மனுஷர்கள்தான் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். அவள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

ஒரு நாள் நான் குரல் கொடுத்தேன், நானே வசனம் சொன்னேன், நானே பாடமும் நடத்தினேன். ஆலிங் டெசிங் இல்லாத எண்ணெய்ச் சட்டியைக் கிளறிக்கொண்டே அபாத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வெள்ளைக்காரி வாய் ஓயாம பேசுறா. நீ நம்ம ஊர்ப் பொண்ணுதானே? ஏன் ஊமையா நிக்கிறே?"

நடிப்புதான். துறைமுகத்து அம்மாள் அப்படித்தான் கேட்பாள். அபாத்தின் முகம் வெளுத்தது. திரும்பி வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். சலவை அறையில் போய் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணிகளை வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும்.

"அதான் எனக்கும் தெரியல," என்றாள். அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அங்க போய் ஒவ்வொரு வாசல்லயும் இதையே கேப்பாங்க, லிண்ட். எல்லாரும் ஆலிங் டெசிங்தான். நான் அம்மாவை விட்டுட்டு வந்தது இதுக்கா?"

மகராயெக் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது. அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே தகாலோகில் தன் பாட்டுக்குப் புலம்பினாள். வீட்டு ஓனர் ஹீட்டரை ரிப்பேர் பண்ண மாட்டேன் என்கிறான், பனியில் செருப்பு போய்விட்டது, இந்த ஊர் அரிசி சோறா களியா.

அபாத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கம்மா ஃபோன்ல இப்படித்தான்," என்று செய்து காட்டினாள். ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் ஓசை. எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது, எங்கே குரலை ஏற்றி 'அப்படியாக்கும்' என்று நிறுத்துவது, எல்லாம் இருந்தது.

மகராயெக் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "இன்னொரு தடவை பண்ணு."

பண்ணினாள்.

"ஐயையோ, எங்க சித்தி!" என்று அவள் தரையில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சத்தியமா எங்க சித்தியேதான். பத்தாங்காஸைவிட்டு வந்தப்புறம் இதை நான் கேக்கவே இல்லை. இத்தனை நாள் இதை எங்கடி வெச்சிருந்தே?"

அன்றிலிருந்து அபாத் பாடத்தாளை மூடிவைத்தாள். மகராயெக் சொல்வதை அப்படியே கிளி மாதிரி திருப்பிச் சொல்வாள். ராகம் ஏற்கெனவே உள்ளே இருந்தது, வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து அதில் உட்கார்ந்தன. புறப்படும் சமயத்தில்கூட எனக்குத்தான் வார்த்தை அதிகம் தெரியும். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் நான் ஐடஹோக்காரி, அவள் பத்தாங்காஸ்காரி. பொறாமையாகத்தான் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் மாற வேண்டும். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம்தான் அபாத்தின் வலேஹோ. ஃபோன் வரிசையில் டக்கெட் தன் அம்மாவிடம் அழுதுகொண்டே பேசிவிட்டு, அழவில்லை என்று எங்களிடம் சத்தியம் செய்தான். அடுத்தது அபாத். எண்ணை அழுத்திவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். ரிசீவர் எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் இருந்தது.

"தகாலோக்லதான் பேசப்போறேன்," என்றாள். "வெச்சாலும் பரவால்ல. ஒரு வரியாவது கேக்கட்டும்."

மணி அடித்தது. பிறகு, "ஹலோ?" என்றது ஒரு குரல்.

இத்தனை வாரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த ஒரு 'ஹலோ'வில் போய்விட்டது. கதவு திறந்துவிட்டது அல்லவா? அவள் வாய் தானாக ஓடியது. "வணக்கங்க. நாங்க மிஷனரிங்க. கொஞ்ச நேரம் உங்களோட பேசலாமுங்களா..."

பெயர் சொல்லும் இடம் வரும் முன்பே குரல் குறுக்கிட்டது. "நாங்க கத்தோலிக்கங்கம்மா. வேற வீடு பாருங்க." தகாலோகில்தான் வந்தது. அபாத் என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு மகளின் குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த மொழியில் மகள் பேசி அவர் கேட்டதே இல்லையே.

ஆனால் ஃபோன் வைக்கப்படவில்லை. "இரும்மா. உன் பேச்சு எங்க ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கே. பத்தாங்காஸா?"

பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மாளே பேசிக்கொண்டு போனார். ஊர்ப்பேச்சைக் கேட்ட சந்தோஷம் அவரை நிறுத்தவிடவில்லை.

"என் பொண்ணும் உங்க கூட்டத்துலதான் இருக்கா. நம்ம நாட்டுக்குத்தான் அனுப்புறாங்களாம். ஒரு வார்த்தை பேசத் தெரியாது அவளுக்கு. எல்லாம் நான் பண்ணதுதான். வீட்டுல இங்கிலீஷ் பேசுங்க, இல்லாட்டி பிள்ளை பின்தங்கிடும்னு ஸ்கூல்ல டீச்சரம்மா சொன்னாங்க. நானும் முட்டாள் மாதிரி கேட்டேன். எம்புள்ளைகிட்ட என் பாஷையில ஒரு தாலாட்டு பாடினதில்ல. இப்போ அங்க போய் நின்னா, மூஞ்சியைப் பாத்துட்டு ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? தாகத்துக்குத் தண்ணி எப்படிக் கேப்பா?"

குரல் உடைந்தது. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அவளை எங்கயாச்சும் பாத்தேன்னா, பக்கத்துல நின்னு நீ பேசிக்கொடு, என்ன? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதே. எனக்கு அவமேல கோவம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, மரியாதைக்குக் கேட்பது போல, "நீ எந்த ஊரும்மா? லீப்பா பக்கமா, தால் பக்கமா?" என்றார்.

அபாத்தின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. எங்கள் பின்னால் மணிலா விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வலேஹோ, ம்மா," என்றாள் அவள்.

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. அபாத் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஃபோனை வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அது வரவில்லை. வந்தது அம்மாவின் குரல்தான். இந்த முறை மகளிடம் என்று தெரிந்தே, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தகாலோகில் பேசினார்.

"இவ்வளவு நேரமும் வாசல்லயேவா நிக்கிறே? உள்ள வாடி."