இருவருக்கான சாப்பாடு

நவ்ஃபலுக்கு ஓசியில் வருவதெல்லாம் இருவருக்கானதாகத்தான் வரும். 'வாருங்கள், சாப்பிட்டுப் பாருங்கள், நாலு வரி எழுதுங்கள்' என்று எங்கள் இர்பித் நகரத்து உணவகங்கள் அவருடைய கைப்பேசிக்குச் சீட்டு அனுப்பும். சீட்டின் அடியில் 'இருவருக்கு' என்று போட்டிருக்கும். ஒற்றை ஆளுக்கு இலவசச் சோறு போடக்கூடாது என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ தெரியவில்லை.

மனிதர் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மணவிலக்கு வாங்கிக்கொண்டு அகபாவில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. பொழுது போகாத ஒரு நாளில் தெருமுனை ரொட்டிக்கடையைப் பற்றி வரைபடச் செயலியில் நாலு வரி எழுதிப் போட்டார். முகம் தெரியாத யார் யாரோ 'பயனுள்ளது' என்று அமுக்கினார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பல் மருத்துவர், முடிதிருத்தகம், டயர் கடை, பேருந்து நிலையக் கழிப்பறை என்று எதையும் விடவில்லை. புள்ளிகள் ஏறின, படிகள் ஏறின. ஒருமுறை செயலிக்காரர்கள் வரைபடக் குறி போட்ட காலுறை ஒரு ஜோடி பரிசாக அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார் பாவம், சப்பாத்துக்குள் இருந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்.

பிறகு உணவகச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. போய் உட்கார்ந்தால் பரிமாறுபவன் இரண்டு தட்டு வைப்பான். "இன்னும் ஒருத்தர் வரணுமா, சார்?" என்பான். "வருவார், கொஞ்சம் தாமதமாகும்" என்பார் நவ்ஃபல். வராத ஆளுக்கும் சேர்த்துப் படம் எடுப்பார், பாதி தின்பார், மீதியைப் பொட்டலம் கட்டிக்கொள்வார். அவருடைய பழைய கைப்பேசியில் இடம் பற்றாது. அதனால் செயலியில் படம் ஏறியவுடன் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவார். எழுதி முடித்ததும் செயலி ஒரு கேள்வி கேட்கும்: 'யாருடன் சென்றீர்கள்? தனியாக, இணையுடன், நண்பருடன், குடும்பத்துடன்.' ஒவ்வொரு முறையும் அவர் விரல் 'தனியாக' என்பதைத் தொடும். அதில் மட்டும் பொய் தொட்டால் யாருக்கு நஷ்டம்? ஆனால் தொடமாட்டார். ஓசியில் தின்றாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் நான் என்று அவருக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வம்தான் தைஸீரை இழக்க வைத்தது.

தைஸீர் சிறுவயதுச் சிநேகிதன். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஹம்முஸ் கடை வைத்திருக்கிறவன். கொண்டைக்கடலையை அரைத்து எண்ணெய் ஊற்றிக் கொடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் அந்தக் கடையில் சாப்பிடாதவர்கள். கைப்பக்குவம் அவனுடையதல்ல, மனைவி உம்மு வஸீமுடையது. மகன் வஸீமின் பெயரை வைத்து அவளை உம்மு வஸீம் என்றும் அவனை அபு வஸீம் என்றும்தான் ஊர் கூப்பிடும். உள்ளே அடுக்களையில் இருந்துகொண்டு சுவரிலிருக்கும் சின்னத் திறப்பு வழியாகத் தட்டை நீட்டுவாள். ஒரு நாள் காலையில் நவ்ஃபல் தட்டைப் படம் எடுத்தார், சாப்பிட்டார், எழுதினார்: 'உப்பு தூக்கல். முந்தைய கை இல்லை. இரண்டு நட்சத்திரம்.' ஊரே அதை வாசித்தது.

உம்மு வஸீமுக்கு உள்ளே நோய் இருந்தது, மருந்து அவள் நாக்கின் ருசியைத் தின்றுவிட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவளும் வாசித்தாள். அன்றைக்கு அடுக்களையை விட்டு வெளியே வந்தவள் மறுபடி உள்ளே போகவில்லை. அவள் இறந்தபோது நவ்ஃபல் துக்கம் கேட்கப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டதில்தான் விஷயமே அவருக்குத் தெரிந்தது. தைஸீர் எல்லோருக்கும் கொடுத்த மாதிரி அவருக்கும் கை கொடுத்தான். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் வரும். அது யாருக்கும் கொடுக்க வேண்டிய கடமை, சிநேகிதம் அல்ல.

அப்போதாவது எழுதியதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நான் பொய்யா எழுதினேன் என்று மனசுக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தார். வழக்கில் ஜெயித்து என்ன கண்டார்? வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை.

இந்த முறை சீட்டு வந்தது ஷுர்ஃபா என்ற புது உணவகத்திலிருந்து. மாடியில், பெரிய தட்டு மன்ஸஃப் என்னும் ஆட்டுக்கறிச் சோறு, இருவருக்கு. நவ்ஃபல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தட்டையும் பொட்டலம் கட்டினால் தன் நெஞ்சு வெடித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. சட்டையை மாற்றிக்கொண்டு நேராகத் தைஸீர் கடைக்குப் போனார்.

கடையில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தைஸீர் ஏறிட்டுப் பார்த்தான். வாசல் மிதித்தவனுக்குக் காப்பி ஊற்றாமல் இருக்க முடியுமா? குடுவையிலிருந்து கசப்புக் காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினான். நவ்ஃபல் வாங்கினார். வாங்கி, குடிக்காமல், முன்னாலிருந்த மேசைமேல் வைத்தார்.

கடை அமைதியானது. குடிக்காமல் வைத்தால் கேட்க ஒரு காரியம் இருக்கிறது, நீ சரி என்று சொல்லாமல் உன் காப்பியைத் தொடமாட்டேன் என்று அர்த்தம். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விருந்தாளியின் காப்பியை ஆறவிடுவது வீட்டுக்காரனுக்குத்தான் கேவலம்.

"என்ன அபு வஸீம், அண்ணன் பொண்ணு கேட்டு வந்திருக்காரு போல" என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரன். "உங்கிட்ட இருக்கிறது ஒரு பையன். அவனும் ஜெர்மனில இருக்கான்."

"வாயில இருக்கிறத முழுங்கிட்டுப் பேசு" என்றான் தைஸீர். மேசையைத் துடைத்தான். துடைத்த மேசையை மறுபடி துடைத்தான். கிண்ணத்தைப் பார்த்தான். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"குடி" என்றான் கடைசியில். "வந்த காரியம் ஆச்சு."

நவ்ஃபல் ஒரே மடக்கில் குடித்தார். "சனிக்கிழமை மத்தியானம் எங்கூடச் சாப்பிட வரணும்."

தைஸீர் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. "சாப்பாடா?"

"சாப்பாடுதான்."

"யார் காசு?"

"ஓசி."

டாக்சிக்காரன் சிரித்துவிட்டான். தைஸீர் சிரிக்கவில்லை, ஆனால் வாயோரம் எதையோ அடக்கினான். "சொன்ன வார்த்தை சொன்னதுதான். வர்றேன்" என்றான்.

சனிக்கிழமை காலையில் நவ்ஃபல் செயலியைத் திறந்தார். தைஸீர் கடையைப் பற்றி எழுதியதைத் தேடி எடுத்து, படத்தோடு சேர்த்து அழித்தார். 'இதை மீட்க முடியாது, சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம் என்று தொட்டபோது மனசு லேசானது. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சவரம் செய்துகொண்டார்.

ஷுர்ஃபாவில் பரிமாறுபவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "வருவார்" என்றார் நவ்ஃபல். வாயிலிருந்து வந்தது முதல் முறையாக உண்மை என்பதில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

தைஸீர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முதலில் பேச்சு ஓடவில்லை. மன்ஸஃப் வந்தது, தயிர்ச்சாறு ஊற்றினார்கள், இருவரும் கையை விட்டுப் பிசைந்தார்கள். பிசைய ஆரம்பித்த பிறகு ஊமையாக இருக்க முடியாது.

"அரிசி கொஞ்சம் குழைஞ்சிருக்கு" என்றான் தைஸீர். "எழுதித் தொலைச்சிராத. சமையக்காரனுக்குப் புள்ளகுட்டி இருக்கும்."

நவ்ஃபலுக்குக் கை நின்றது. ஏறிட்டுப் பார்த்தார். தைஸீர் சும்மாதான் சொன்னான், குத்தவில்லை.

"எழுதமாட்டேன்" என்றார்.

"பொய் சொல்லாத. உனக்குக் கை அரிக்கும்." நல்ல கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து நவ்ஃபல் பக்கம் தள்ளினான். "தின்னு. ரொம்ப எளச்சிட்ட. ஊர்ச்சோறெல்லாம் ஓசியில தின்னுற, ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

நவ்ஃபல் சாப்பிட்டார். இத்தனை உணவகங்களில் தின்றதில் ருசித்துத் தின்றது இன்றைக்குத்தான் என்று நினைத்தார்.

கை கழுவிவிட்டு வந்தார்கள். கசப்புக் காப்பி வந்தது. விருந்து தன்னுடையது என்பதால் நவ்ஃபலே ஊற்றி நீட்டினார். தைஸீர் வாங்கினான். வாங்கி, குடிக்காமல், மேசைமேல் வைத்தான்.

நவ்ஃபல் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என்ன கேட்கப்போகிறான் என்பது அவருக்குத் தெரியாதா? அவள் மனசைப் புண்ணாக்கிய அந்த நாலு வரியை எடு என்பான். எடுத்தாயிற்று. அவன் கேட்கும் முன்னாலேயே செய்தாயிற்று. இவ்வளவு சந்தோஷத்தை மனிதர் சமீபத்தில் அனுபவித்ததில்லை. தைஸீர் அவரைக் காக்க வைத்த மாதிரி அவர் காக்க வைக்கவில்லை.

"குடி, குடி. என்னவா இருந்தாலும் சரி, ஆச்சுன்னு வச்சுக்க. எங்கப்பா தலை மேல சத்தியம்."

தைஸீர் நிதானமாகக் குடித்தான். போதும் என்பதற்குக் கிண்ணத்தை ஆட்டிவிட்டு வைத்தான்.

"நம்ம கடையப் பத்தி எழுதினியே" என்றான். "அத என்னைக்கும் அழிச்சிராத."

நவ்ஃபல் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கோவம்தான். இல்லேன்னு சொல்லல. அவ அழுதது எனக்குத்தான் தெரியும். ஆனா நீ எடுத்த படத்துல அவ கை இருக்கு. தட்ட நீட்டும்போது, ஓரத்துல. அவதான் யார் ஃபோனத் தூக்கினாலும் ஓடி ஒளிவாளே, கல்யாணத்துக்கு எடுத்தத விட்டா வீட்ல ஒண்ணுமில்ல. தெனம் கடை தெறக்கிறதுக்கு முன்னால அதத்தான் பாப்பேன். நட்சத்திரத்தப் பாக்க மாட்டேன், கையப் பாப்பேன். இன்னைக்குத் தெறக்கும் முன்னாலயே கூட்டம், பாக்க முடியல." சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேசைமேல் தள்ளினான். "கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன், கண்ணு தெரியல. எடுத்துக் குடு."

கைப்பேசி நவ்ஃபல் முன்னால் கிடந்தது. தேடுகிற மாதிரி நடிக்கலாம். இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். இன்றைக்கு ஒரு நாளாவது தப்பிக்கலாம்.

"காலையில அழிச்சிட்டேன்" என்றார். "உனக்காகத்தான் அழிச்சேன், தைஸீர். நீ சந்தோஷப்படுவேன்னு."

தைஸீருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உன் ஃபோன்ல இருக்கும்ல?"

"இல்ல. இடம் பத்தாதுன்னு அப்பப்ப எடுத்துருவேன்."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர்கள் கைதட்டினார்கள்; தைஸீர் அந்தப் பக்கம் பார்த்தான். கத்துவான், கிண்ணத்தைத் தூக்கி எறிவான் என்று நவ்ஃபல் எதிர்பார்த்தார். அதற்கு மனசார ஆசைப்பட்டார்.

"சரி, சொல்லு" என்றான் தைஸீர். குரல் தணிந்திருந்தது. "நீதான எடுத்த. ஒண்ணு விடாமப் பாக்கிறவன் நீ. கண்ண மூடிக்கிறேன். எப்படி இருந்துச்சு, சொல்லு."

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டான். நவ்ஃபல் சொல்ல ஆரம்பித்தார். நீலக்கரை போட்ட தட்டு, கரையில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. நடுக்குழியில் எண்ணெய் தேங்கி நின்றது, பச்சை கலந்த மஞ்சள், புது எண்ணெய். முழுக்கடலை கொஞ்சம் மேலே தூவியிருந்தது. மிளகாய்த்தூள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொத்தமல்லி கொஞ்சம் வாடல். தட்டுக்கு அடியில் ஈரமான மரப்பலகை.

"கை?" என்றான் தைஸீர்.

நவ்ஃபல் தேடினார். தட்டின் ஓரத்துக்குப் போனார். சில்லு தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. மோதிரம் இருந்ததா, மாவு ஒட்டியிருந்ததா, நோயில் மெலிந்திருந்ததா, எதுவும் தெரியவில்லை. சோறு போட்ட கையை ஒரு தரம்கூடப் பார்க்காமலா இத்தனை வருஷம் தின்றேன் என்று அவருக்கு உடம்பு கூசியது.

"கைய நான் பாக்கல" என்றார். "தட்டத்தான் பாத்தேன்."

தைஸீர் கண்ணைத் திறந்தான். தன் கைப்பேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "உன் பந்தி என்னைக்கும் நெறஞ்சிருக்கட்டும்" என்றான். விருந்து சாப்பிட்டவன் எந்த வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைதான் அது. படி இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பரிமாறுபவன் வந்து எதிர்த்தட்டை எடுத்தான். "சாப்பாடு எப்படி இருந்துச்சு, சார்? நல்லதா நாலு வரி எழுதிடுங்க."

நவ்ஃபல் எழுதினார். அரிசியைப் பற்றி எழுதவில்லை. 'நல்ல சாப்பாடு' என்று மட்டும் எழுதி அனுப்பினார். யாருடன் சென்றீர்கள் என்று செயலி கேட்டது. 'நண்பருடன்' என்ற வார்த்தைமேல் விரலைக் கொண்டுபோய் வைக்கப்பார்த்தார், வைக்க முடியவில்லை. மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர். 'தனியாக' என்பதைத் தொட்டார்.