நான் துடைத்த குமிழி

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மாலைக் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துக் கூரையே இறங்கிவிட்டது. கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். எனக்கோ மே மாதம் செய்முறைத் தேர்வு. முப்பத்தொன்பது வயதில், பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடுக்கும் வரிசையை விட்டு அங்கேயே இருக்கும் சோதனைக் கூடத்துக்குப் போக எனக்கு இருந்த ஒரே வழி அந்தத் தேர்வுதான். தேறினால் வெள்ளைக் கோட்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் டப்பா.

எங்கள் ஆசிரியர், "புத்தகத்துல படம் போட்டிருக்கு, பாத்துக்கோங்க டோரீன்" என்றார். மனிதர் படத்தைப் பார்த்துத்தான் நீச்சல் கற்றார் போலிருக்கிறது!

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் நெவில் வாங்கும் கணினிப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக் கணினியிலேயே வேதியியல் கூடம், ஒரே கேசட்டில். தபாலில் வரவழைத்தேன். கணினி நெவில் கார்ப் பந்தயம் விளையாட வாங்கியது. அதற்குத் திரை வேண்டுமே? வீட்டில் இருந்த ஒரே டிவியைத்தான் பிடுங்கினேன். அதுவும் ஸ்னூக்கர் போட்டி நடக்கிற நேரத்தில்.

"மனுஷன் நிம்மதியா ஒரு ஆட்டம் பாக்க வேணாமா?"

"உனக்குப் பந்து முக்கியமா, பொண்டாட்டி முக்கியமா?"

"பந்துன்னு சொன்னா அடிப்பியா?"

"வாயை மூடு. கேசட் ஏறுது!"

அந்தக் காலத்துக் கணினிக்கு எல்லாம் கேசட்டிலிருந்துதான் ஏற வேண்டும்; அது கீச்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை மூச்சு விடவும் பயம். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. நெவில் தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஆட்டம் பார்க்கப் போவார். வாய்தான் அவருக்கு நீளம். ஒரு நாள்கூட டிவியைத் திருப்பிக் கேட்கவில்லை, மகராசன்.

திரையில் நீளமான ஒரு கண்ணாடிக் குழல் வரும். அதில் அமிலம். அடியில் ஒரு திருகு, அதற்கும் கீழே ஒரு குடுவையில் இளஞ்சிவப்புத் தண்ணீர். கணினியில் பெரிய விசையைத் தட்டினால் ஒரு சொட்டு விழும். சிவப்பு மறைகிற சொட்டில் நிறுத்தி, எவ்வளவு அமிலம் போனது என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை சரியாகச் சொன்னேன். மூன்றாவது தடவை 'தவறு' என்றது. மறுபடியும் தவறு. போதாக்குறைக்குத் திருகுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. டிவியில் தூசி என்று கைத்துணியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.

"தேய் தேய், டிவியில ஓட்டை விழட்டும்" என்றார் நெவில், வாசலிலிருந்து.

எனக்கு வந்ததே கோபம்! கேசட் அட்டையில் தயாரித்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. க்ளைவ் கிரிம்ஷா. வீட்டு எண் போலும். எடுத்ததும் தட்டுகள் உருளும் சத்தம்.

"உங்க கேசட்டு உருப்படாத கேசட்டு! எல்லாம் ஒழுங்கா செஞ்சாலும் தப்புங்குது. திரையில அழுக்குப் புள்ளி வேற!"

"திருகுக்குக் கீழயா?"

"ஆமா. துடைச்சும் பாத்துட்டேன்."

மறுமுனையில் தட்டைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்மா தாயே, அது காத்துக் குமிழி! நான்தான் வச்சேன்."

"எதுக்குய்யா வச்சீங்க?"

"நிஜக் கூடத்துல வருமே. அந்தக் குமிழி இடத்தையும் அமிலம் நிரப்பும், உங்க கணக்குல கூடிப்போகும். முதல்ல திருகை முழுசாத் திறந்து விடுங்க, ஓடிடும். கணினிக்குச் சுத்தமா செய்யத்தான் தெரியும். இந்தக் கோளாறை உள்ள வைக்க எனக்கு மாசக்கணக்காச்சு. என் பொண்டாட்டி பெரில் இன்னும் கேக்குறா, இதையெல்லாம் எவன் பாக்கப்போறான்னு."

"எவளோ ஒருத்தி பாத்துட்டான்னு சொல்லுங்க" என்று படக்கென்று வைத்தேன்.

தேர்வு மான்செஸ்டரில், வேறொரு கல்லூரியில். நிஜக் குழலை அன்றுதான் முதன்முதலில் தொட்டேன்.  ஒரு சொட்டுக்காகக் கட்டைவிரல், கணினி விசை என்று நினைத்துத் தானாக மேசையைத் தட்டியது, கேளுங்கள் கூத்தை! அமிலத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், திருகுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. என் கை, அங்கே கொடுத்த கோட்டின் நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போயேவிட்டது. பாதியில் உறைத்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னம்மா அது?" என்று தேர்வாளர் முறைத்தார்.

"ஒண்ணுமில்ல சார். தெரிஞ்சவங்களைப் பாத்துட்டேன்."

திருகை முழுதாகத் திறந்தேன். குமிழி ஓடிப்போனது. அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு மறைந்த சொட்டில் நிறுத்தினேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். தொழிற்சாலைச் சோதனைக் கூடத்திலும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து அந்த எண்ணைச் சுழற்றினேன்.

"கேசட் ஏறலையா?" என்றார் கிரிம்ஷா, எடுத்த எடுப்பில். பாவம், கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இதே புகார்தான் போல, குரலே களைத்திருந்தது. "டேப் ரெக்கார்டர்ல சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சுப் பாருங்க."

"ஏறிச்சுங்க. நானும் தேறிட்டேன். உங்க குமிழி தேர்வுக்கே வந்திருந்துச்சு. ரொம்ப நன்றிங்க. நீங்க வைக்காம இருந்திருந்தா நான் இன்னும் டப்பா அடுக்கிட்டு இருப்பேன்."

 

"கொஞ்சம் இருங்க, வச்சுடாதீங்க" என்றார். பிறகு வீடே அதிரக் கத்தினார். "பெரில்! அடுப்பை அணைச்சுட்டு ஓடி வா!"

செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு, டிவியைத் துடைச்சவங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"அவளேதான்" என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் கிரிம்ஷா, பின்னாலிருந்து. "அவ காதுபடச் சொல்லுங்க."

இங்கே நெவில், கேட்காமலேயே எழுந்துபோய் ஸ்னூக்கர் சத்தத்தைக் குறைத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் பெரிலுக்குச் சொன்னேன்.